இரண்டு மரை மிச்சம்

மச்சான்,

போன புதன்கிழமை மாலை என் பேத்தி கூடத்தில் உட்கார்ந்து கால் நகங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். சுண்டுவிரல் அளவுப் புட்டிதான். ஆனால் மூடியைத் திறந்ததும் கிளம்பிய நெடி இருக்கிறதே, அது ஈப்போ நகரம் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி, சுண்ணாம்புக் குன்றுகளில் முட்டித் திரும்பி, நேராக வந்து என் மூக்கில் குடியேறியது. படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மடித்து வைத்தேன்.

"என்ன தாத்தா, நாறுதா?" என்றாள்.

"இல்லம்மா, பூசு" என்றேன். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அது இருந்தது. நாற்பது வருடமாக எந்தச் சட்டை போட்டாலும் அது அந்தப் பையில்தான் இருக்கிறது. அது என்னவென்று உனக்குத் தெரியாது. தெரியாமலே போய்விட்டாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் உன் சட்டத்தை நினைவூட்டிவிடுகிறேன். பட்டறையில் நான் என்ன அளந்தாலும் நீ ஸ்டூலில் சாய்ந்துகொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வாய்: "இவன் சொல்றத பத்தால வகுங்கலா, அப்பதான் நெசம் வரும்." கோலா கங்சார் ஆற்றில் ஐம்பது முழ முதலை பார்த்தேன் என்பேன். "அஞ்சு முழம். அதுவும் உடும்பு" என்பாய். நான் டீசல் பம்புகளின் சக்கரவர்த்தி, இங்கிலாந்து ராணி தன் காரைப் பழுது பார்க்க எனக்குத் தந்தி அடித்தாள் என்பேன். "தந்தி வந்தது தண்ணி பில்லு கட்டச் சொல்லி" என்பாய். நான் வாய் திறந்தால் நீ வகுப்பாய். நம் சிநேகிதம் முழுக்க அந்தக் கணக்கில்தான் ஓடியது. இந்தக் கடிதத்திலும் நீ வகுத்துக்கொண்டே வரலாம். கடைசியில் ஓர் எண் வரும். அதை மட்டும் விட்டுவிடு.

எழுபதுகளின் கடைசி அது. நீ வேலை பார்த்த ரப்பர் தோட்டம் துண்டு துண்டாக விற்றுப்போனது. கித்தாப் பாலை ஆலைக்கு ஏற்றிப்போக நீ பத்து வருடம் ஓட்டிய வெள்ளைக்காரன் காலத்து லோரியை உனக்கே விட்டுவிட்டுப் போனார்கள். அன்பினால் அல்ல, அதை இழுத்துக்கொண்டு போய் எறிவதற்கு ஆள் கிடைக்கவில்லை. நீ அதற்குப் பச்சைச் சாயம் அடித்து, முகப்பில் எலுமிச்சம்பழம் கட்டி, ஈப்போவில் என் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாய். சித்தியவான் பக்கத்துக் கோழிப் பண்ணைகளிலிருந்து எரு மூட்டைகளை ஏற்றி, தாப்பா வழியாகக் கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களுக்குக் கொண்டுபோவது. திரும்பும்போது முட்டைக்கோசு ஏற்றி ஈப்போ சந்தையில் இறக்குவது. இதுதான் உன் புதுப் பிழைப்பு. போகும்போது நாற்றம், வரும்போது மணம், எந்த மனுசனுக்கு இப்படி ஒரு வாழ்க்கை அமையும் என்று மார்தட்டினாய்.

ஆனால் அந்த லோரி சமவெளிப் பிறவி. கடல் மட்டத்துக் காற்றுக்கு அளந்து வைத்த பம்பு அதனுடையது. முதல் நாள் மலையில் அது கக்கிய கரும்புகையைக் கண்டு பேராக் மாநிலத்துக் காக்கைகள் எல்லாம் பொழுது சாய்ந்துவிட்டதென்று கூட்டுக்குத் திரும்பின. மூன்றாவது வாரம் பிஸ்டன் ஒன்று உருகிப்போய் வண்டியைக் கட்டி இழுத்து வந்தாய். அதைப் பிரித்துப் போட்டுவிட்டு நாம் போட்ட சண்டை அந்தத் தெரு முழுக்கக் கேட்டது.

"மச்சான், மலை ஏற மாட்டேங்குது. பம்புல எண்ணெய இன்னும் கொஞ்சம் தொறந்து வுடு."

"தொறக்கிறதா? மூடணும்டா."

"என்னாலா பேசுற நீ? சோத்தக் கொறச்சா எப்படி இழுக்கும்?"

"மேல மூச்சே இல்லடா. மூச்சு இல்லாத எடத்துல அள்ளி அள்ளித் திணிச்சா விக்கித்தான் சாவும்."

இதுதான் விஷயம். இதில் என் அளப்பு எதுவும் இல்லை. உயரம் போகப் போகக் காற்று மெலிகிறது. பம்பு அதே அளவு எண்ணெயைத்தான் பீய்ச்சுகிறது. எரிக்கக் காற்றுப் போதாமல் எண்ணெய் கரியாகிறது, எஞ்சின் கொதிக்கிறது, பிஸ்டன் உருகுகிறது. ஆகவே மலைக்குப் போகும் வண்டிக்குப் பம்பிலுள்ள அளவுத் திருகாணியைக் கொஞ்சம் உள்ளே திருகி எண்ணெயைக் குறைக்க வேண்டும். இழுவை சற்றுக் குறையும். முன்கூட்டியே சின்ன கியருக்கு மாற்றி, பொறுமையாக ஏற வேண்டும். அவ்வளவுதான். ஆனால் மலையேறும் ஓட்டுநர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இதற்கு நேர் எதிராகச் செய்வார்கள். வண்டி திணறினால் எண்ணெயைத் திறந்துவிடுவார்கள். நீ பத்தாவது ஆள் இல்லை, மச்சான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூட்டை ஏற்றிய வண்டியோடு உன்னைக் கூட்டிக்கொண்டு நானே மலையேறினேன். நீ ஓட்ட, நான் சன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிப் புகையின் நிறம் பார்த்தேன். நிறுத்துவது, அரைக்கால் சுற்று மூடுவது, மறுபடி ஏறுவது. மலைமேல் ரிங்லெட் ஊருக்குப் போவதற்குள் ஐந்து தடவை நிறுத்தினோம். கடைசியில் தார் மாதிரி வந்த புகை சாம்பிராணி மாதிரி ஆனது. பூட்டு நட்டை இறுக்கி, ஈய முத்திரை கட்டி, என் பெண்டாட்டியின் நகச்சாயப் புட்டியை எடுத்துத் திருகாணியும் நட்டும் சேரும் இடத்தில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன். யாராவது திருகினால் பொட்டு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். வண்டி பழுது பார்க்கும் போமன்களாகிய எங்கள் எல்லாருக்கும் இந்த வழக்கம் உண்டு. மற்றவர்கள் பெயிண்டு வைப்பார்கள். சக்கரவர்த்தி என்பதால் எனக்கு நகச்சாயம்.

நீ அதைப் பார்த்துச் சிரித்தாய். "என் லோரி இன்னிக்கித்தான்டா சுமங்கலி ஆச்சு."

அடுத்த வாரமே பொட்டு உடைந்திருந்தது.

"தொட்டியாடா?"

"முனியாண்டி மேல சத்தியமா இல்ல மச்சான். குலுங்குன குலுங்கல்ல தானா சுத்தியிருக்கும்."

"ஈய முத்திரையும் தானா அவுந்து தானா கீழ விழுந்துச்சோ?"

"ரோட்டு அப்படிலா."

மூன்று தடவை மூடினேன். மூன்று தடவை திறந்தாய். மூன்றாம் தடவை இன்னொரு பிஸ்டனும் போகப் பார்த்தது. அந்த எஞ்சின் போனால் உன் வீட்டில் அடுப்பு போனது. உன் பெண்டாட்டி ஒருநாள் பட்டறைக்கே வந்துவிட்டாள். "அண்ணே, ஸ்பேனரத் தலமாட்டுல வச்சிக்கிட்டுத் தூங்குறாருண்ணே. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. நீங்களாச்சும் சொல்லுங்க" என்றாள். நான் எண்ணெய்க் கையை உயர்த்தி அபயம் கொடுத்தேன்.

"நீ போ தங்கச்சி. நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டேன். என் குறும்பு மூளை எப்படிப் பார்த்துக்கொண்டது என்று இப்போது கேள்.

உண்மையான திருகாணியை ஒரு பால் டின் தகட்டால் மூடி, மேலே கரியும் கிரீசும் அப்பி, பம்போடு பம்பாகத் தெரியும்படி மறைத்தேன். பிறகு ஒரு சின்ன இரும்புத் தகட்டில் நட்டு ஒன்றை வெல்டிங் வைத்து, அதில் பளபளவென்று, உடம்பு முழுக்க மரைச் சுற்று ஓடும் நீளமான ஒரு திருகாணியைச் செருகி, பம்பின் பக்கத்தில் கண்ணில் படும்படி பொருத்தினேன். அது எதையும் தொடவில்லை. எண்ணெயைக் கூட்டாது, குறைக்காது. உள்ளே திருகினாலும் வெளியே திருகினாலும் காற்றைத்தான் திருகும். அதற்குப் பூட்டு நட்டு, ஈய முத்திரை, சிவப்புப் பொட்டு எல்லாம் முறைப்படி வைத்தேன். உன்னைக் கூப்பிட்டு முகத்தைக் கடுப்பாக்கிக்கொண்டேன்.

"பழைய ஸ்குரு தேஞ்சிபோச்சு. இனிமே இதான். தொட்ட, கைய ஒடிச்சிருவேன்."

"நான் எதுக்குலா தொடப்போறேன்?" என்றாய், பச்சைப் பிள்ளை முகத்தோடு.

நான்காம் நாள் பட்டறைக்குள் வெற்றி வீரனாக நுழைந்தாய்.

"மச்சான், கோவிச்சிக்காத. அரைச் சுத்து தொறந்தேன். வண்டி பறக்குதுலா! அருவிக்கு மேல உள்ள வளைவுல காய்கறி ஏத்துற ரெண்டு சாயூர் லோரிய ஓரங்கட்டிட்டேன்!"

நான் தலையில் அடித்துக்கொண்டு, உன்னைத் திட்டி, திருகாணியைப் பழையபடி இறுக்கிப் புதுப் பொட்டு வைத்தேன். என்னோடு வேலை பார்த்த இரண்டு பேரும் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு வாயில் துணியை அடைத்துச் சிரித்தார்கள். நீ போன பிறகு மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அன்று முதல் அது எங்கள் பட்டறைக்கு வாரம் ஒரு நாடகம். கால் சுற்று திறந்தேன், குதிரை மாதிரி போனது என்பாய். முக்கால் சுற்று திறந்தேன், யானை மாதிரி இழுத்தது என்பாய். நான் கோபிப்பேன், மூடுவேன், பொட்டு வைப்பேன். எஞ்சினோ சரியான அளவில் குளிர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பிஸ்டன்கூட உருகவில்லை. உன் வீட்டு அடுப்பு எரிந்தது. ஈப்போவின் மகா சாணக்கியன் நான்தான் என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஒரு தடவை நீ கிட்டத்தட்டப் பிடித்துவிட்டாய். ஸ்டூலில் உட்கார்ந்து கோப்பியை ஊதிக்கொண்டே கேட்டாய்: "தொறந்தா முன்ன கரும்புகை வருமே. இப்ப ஏன்டா வரல?"

வண்டிக்கு அடியில் இரண்டு பேருக்கும் மூச்சு நின்றது. எனக்கு நிற்கவில்லை. "அது என் கைவண்ணம்டா. புகைய எஞ்சினே முழுங்கிக்கும். இந்த வித்தை தெரிஞ்சவன் உலகத்துல ரெண்டே பேரு. ஒருத்தன் ஜெர்மனியில செத்துப்போயிட்டான்" என்றேன்.

"பத்தால வகுத்தா அஞ்சுல ஒரு ஆளு" என்றாய். ஆனால் நம்பினாய். நான் சொன்ன முதலையை நம்பாதவன், ராணியின் தந்தியை நம்பாதவன், இதை நம்பினாய். வண்டி விஷயத்தில் நான் உன்னிடம் பொய் சொல்வேன் என்று உனக்குத் தோன்றவே இல்லை.

எட்டு மாதம் இப்படிப் போனது.

அந்தக் காலை வானம் மூடியிருந்தது. உன் லோரி வந்து நின்றபோது பட்டறைக்குள் வெளிச்சம் குறைந்தது. மூட்டைகள் அவ்வளவு உயரம்.

"ஏன்டா, இது வண்டியா, கோயில் கோபுரமா?"

"நாப்பது மூட்ட கூட. எப்பவும் நூறு, இன்னிக்கி நூத்தி நாப்பது." நீ சிரிக்கவில்லை. "மேல தோட்டத்துல நடவு தொடங்குறாங்க. எல்லாத்தையும் ஒரே நடையில கொண்டா, முடியலன்னா சொல்லு, தாப்பாக்காரன் பெரிய லோரி வச்சிருக்கான், இனிமே அவனே பாத்துக்குவான்னு தோட்டத்து மொதலாளி தவுக்கே சொல்லிட்டாருலா."

"இழுக்குமா?"

"அதக் கேக்கத்தான் வந்தேன்." லோரியிலிருந்து இறங்கி என் முன்னால் வந்து நின்றாய். "ஸ்குரு ஒரு சுத்து தொறந்தா இழுக்கும்ல, மச்சான்?"

எட்டு மாதமாகத் திருட்டுத்தனமாகத் திருகியவன், அன்று முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து அனுமதி கேட்டாய். சுமையும் மலையும் உன்னைப் பயமுறுத்தியிருந்தன. அந்த முகத்துக்குப் பதில் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். 'அது சும்மா வச்ச ஸ்குருடா, நாப்பத எறக்கிட்டுப் போ.' ஐந்து விநாடி வேலை. நீ என்னை அறைந்திருப்பாய். ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பாய். தாப்பாக்காரனிடம் நடையை இழந்து என்னைச் சபித்திருப்பாய்.

உன் முதுகுக்குப் பின்னால் அந்த இரண்டு பேரும் கன்னத்தை உப்பிக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்கள். எனக்கு அவர்கள் முகம் தெரிந்தது. எட்டு மாத நாடகத்தின் உச்சக் காட்சி. மேடை காலியாக இருக்க, சக்கரவர்த்தி வசனத்தை விடுவானா?

"ஒரு சுத்து என்னடா ஒரு சுத்து, பிச்சக்காரன் மாதிரி? ரெண்டு சுத்து தொற! கேமரன் மலையவே முதுகுல கட்டி ஈப்போவுக்கு இழுத்துக்கிட்டு வந்துரும்!"

அவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். நானும். எங்களைப் பார்த்து நீயும் சிரித்தாய், எங்கள் எல்லாரையும்விடச் சத்தமாக. உன் தோள் இறங்கியது. முகம் தெளிந்தது.

"நீ சொன்னா சரிலா" என்றாய்.

என் எண்களை எல்லாம் வகுக்கிற நீ, அன்று வகுக்கவில்லை.

லோரி முனை திரும்பும் வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். பழக்கமான ஆள், முதல் கியரில் போட்டு மெல்ல ஏறிவிடுவான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் வந்து என்ன கதை விடப்போகிறான் பாருங்கள் என்று அவர்களிடம் சொன்னேன்.

நடந்ததைப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். மலையிலிருந்து முட்டைக்கோசு ஏற்றி இறங்கிக்கொண்டிருந்த சீன ஓட்டுநர்; பிரேக்கு சூடேறியதால் ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி ஆறவிட்டுக்கொண்டிருந்தார். கீழ் வளைவில் நீ நிறுத்தியதை மேலேயிருந்து பார்த்திருக்கிறார். பானட்டைத் திறந்து, எஞ்சின் ஓட ஓட, ஸ்பேனரால் நீ ரொம்ப நேரம் எதையோ திருகினாயாம். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்து, ஸ்பேனரைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாயாம். வண்டி கிளம்பியது. அந்தச் செங்குத்து வளைவுக்கு முன்னால் எல்லா ஓட்டுநர்களும் முதல் கியருக்கு மாற்றுவார்கள். நீ மாற்றவில்லை. இரண்டாவதிலேயே அடித்தாய், திறந்துவிட்ட எண்ணெய் இழுத்துவிடும் என்று. பாதி வளைவில் எஞ்சின் இரண்டு தடவை உதறி நின்றது.

அந்தக் காலத்து லோரியில் பிரேக்குக்குப் பலம் கொடுப்பது எஞ்சின்தான். எஞ்சின் நின்றால் ஒரு மிதி, இரண்டு மிதி பிடிக்கும். மூன்றாவது மிதிக்குக் கால்தான் வலிக்கும். கை பிரேக்கு நூறு மூட்டையையே பிடிக்காது. நூற்று நாற்பது மூட்டையோடு உன் லோரி பின்னோக்கி உருண்டது.

மேலே எதுவும் எழுதப்போவதில்லை. நீ அங்கே இருந்தாய்.

அவர் இதையெல்லாம் சந்தையில் பேசும் கொச்சை மலாயில், கையை ஆட்டி ஆட்டி என்னிடம் சொன்னார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "புகை வந்துச்சா?" அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். புகையே இல்லை, வண்டி சுத்தமாக வந்தது என்றார்.

வண்டியை இழுத்து வந்து என் பட்டறைக்குப் பக்கத்துக் காலி இடத்தில் போட்டார்கள். மறுநாள் காலை, மற்ற இரண்டு பேரும் வருமுன்னே போனேன். ஓட்டுநர் பக்கம் முழுக்க நசுங்கியிருந்தது. பம்பு இருந்த பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. என் தகடு அப்படியே இருந்தது. சிவப்புப் பொட்டு உடைந்து, பூட்டு நட்டு தளர்ந்து, திருகாணி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் சொன்ன இரண்டு சுற்று அல்ல, மச்சான். இரண்டு சுற்றில் இழுக்கவில்லை என்று மேலும் மேலும் திறந்திருக்கிறாய், கடைசி வரைக்கும். தொட்டால் கையோடு வந்துவிடும் நிலையில் அது நின்றது. தகட்டின் போல்ட்டைக் கழற்றி, எல்லாவற்றையும் அசையாமல் அப்படியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பால் டின் மூடியையும் பிய்த்துப் பள்ளத்தில் எறிந்தேன். இப்போது பம்பில் ஒரே ஒரு திருகாணிதான் இருந்தது, ஒழுங்காக, மலைக்கு வேண்டிய அளவில்.

அதே சட்டையோடுதான் புந்தோங்கில் உன் வீட்டுக்கு வந்தேன். உன்னை வாசலில் கிடத்தியிருந்தார்கள். உன் பெண்டாட்டி உன் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாப் பெண்களையும்போல அவள் உன்னைப் புகழ்ந்து அழவில்லை. ஏசினாள்.

"அந்த ஸ்குருவத் தொடாத, தொடாதன்னு தலையால அடிச்சிக்கிட்டேனே! கேட்டியா? புள்ளய நெனச்சியா? ஒம் பிடிவாதந்தான் பெருசா போச்சா?"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். பம்பைத் திறந்துவிட்டான், வண்டி அடங்கவில்லை, காவு வாங்கிவிட்டது என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. அவள் என்னைப் பார்த்து, "நீங்களுந்தான எத்தன தடவ சொன்னீங்கண்ணே!" என்றாள். அவள் நெற்றியில் பொட்டு இன்னும் இருந்தது. நான் தலையாட்டினேன். ஆமாம், நானும்தான் எத்தனையோ தடவை சொன்னேன். சட்டைப் பையில் அந்த இரும்பு என் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

இதைவிடக் கேவலம் பின்னால் வருகிறது. அதற்குப் பிறகு எந்த ஓட்டுநர் பம்பைத் தொட்டாலும் உன் கதையைச் சொல்லி மிரட்டுவேன். "எம் மச்சான் ஒருத்தன் இருந்தான். இப்படித்தான் தொறந்தான். போய்ச் சேந்தான்." அவர்கள் பயந்து கையை எடுத்துவிடுவார்கள். எண்பதுகள் முழுக்க என் பட்டறை முத்திரையை ஒருவரும் உடைக்கவில்லை. உன் சாவை வைத்து நல்ல பெயர் வாங்கினேன். அந்த இரண்டு பேரில் ஒருவன் ஆறே மாதத்தில் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். இன்னொருவன் பதினைந்து வருடம் என்னோடு வேலை பார்த்தான். அந்தத் தகட்டைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு நாளும் என் தமாசுக்குச் சிரித்ததுமில்லை. அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான்.

ஒவ்வொரு வருடமும் உன் திதிக்கு முதல் இலை எனக்குத்தான். உன் பெண்டாட்டி உன் மகளோடு சித்தியவானுக்குப் போன பிறகும் நான் பஸ் ஏறிப் போய் அந்த இலையில் உட்கார்ந்தேன். உன் படத்துக்குச் சாம்பிராணி காட்டும்போதும் அவள் வாய்க்குள் உன்னை ஏசுவாள். அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன், பாயசம் உட்பட.

அந்த நகச்சாய நெடி வந்த புதன்கிழமைக்கு இரண்டு நாள் கழித்து, திதி இல்லாத நாளில், சித்தியவானுக்குப் போனேன்.

உன் மகள் வேலைக்குப் போயிருந்தாள். உன் பெண்டாட்டி பின்கட்டில் முறத்தை வைத்துக்கொண்டு நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். முடி முழுக்க வெளுத்துவிட்டது. "என்னண்ணே, திதி இன்னும் மூணு மாசம் இருக்கே" என்றாள். நான் உட்கார்ந்து, தகட்டை எடுத்து முறத்தின் ஓரத்தில் வைத்து, சொல்லத் தொடங்கினேன். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எதையும் கூட்டாமல் சொன்னேன். அதனால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

அவள் கை நெத்திலியிலேயே நின்றிருந்தது. கேட்டாள்.

"எவ்வளவு தொறந்திருந்தாரு?"

"கடைசி வரைக்கும், தங்கச்சி."

"அவ்வளவு நம்பினாரா உங்கள?"

அவள் திரும்பி, கூடத்துச் சுவரில் இருந்த உன் படத்தைப் பார்த்தாள்.

"நாப்பது வருசமா இவர ஏசிக்கிட்டுல்ல இருக்கேன்" என்றாள். "தெனம். வெளக்கேத்தறப்பல்லாம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நான் பாத்துக்கிறேன்னு சொன்னீங்களே, அண்ணே."

தகட்டைக் கையில் எடுத்தாள். நெத்திலி ஈரம் பட்ட விரல்களால் அந்தத் திருகாணியைப் பிடித்து உள்ளே திருகப் பார்த்தாள். முழுப் பலத்தோடு, உதட்டைக் கடித்துக்கொண்டு, மூடப் பார்த்தாள். அசையவில்லை. துரு பிடித்து நட்டோடு ஒன்றாகிவிட்டது. கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிவிட்டு, முந்தானையால் துடைத்து, எழுந்து வந்து என் சட்டைப் பையில் அவள் கையாலேயே போட்டாள்.

"எனக்கு வேணாம். நீங்களே வச்சிக்குங்க."

வாசல் வரைக்கும் வந்தாள். வழக்கமாகச் சொல்லும் 'போய்ட்டு வாங்க' வரவில்லை. கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இந்த வருசம் திதிக்கு வராதீங்கண்ணே. அடுத்த வருசம் பாக்கலாம்."

தாப்பா போகிற சாலையில் இறங்கி அந்த வளைவு வரைக்கும் போய்வரலாமா என்று பஸ்ஸில் யோசித்தேன். போகவில்லை. நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். பேத்தி அந்தச் சிவப்புப் புட்டியை மேசை மேலேயே விட்டுப் போயிருந்தாள். அதன் பக்கத்தில் தகட்டை வைத்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பொட்டு உடைந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருக்கிறது, நீ ஸ்பேனர் வைத்த தடத்துக்குப் பக்கத்தில். மூடியும் வைக்கவில்லை, கழற்றியும் எடுக்கவில்லை. நீ கையை எடுத்த இடத்திலேயே நிற்கிறது.

எண்ணிப் பார்த்துவிட்டேன், கண்ணாடி போட்டுக்கொண்டு, நகத்தால் தொட்டுத் தொட்டு. நட்டுக்குள் மிச்சம் இருப்பது இரண்டு மரை.

வகுக்காதே, மச்சான். இரண்டுதான்.